ஜார்க்கண்டின் முதற்குடிகளும் மக்களாட்சியும்

ஆண்டு விழா மலர்தோறும் தமிழர்தம் பழம்பெருமையை எழுதியும் படித்தும் நாம் மகிழ்ந்து வருகின்றோம். கரிகாலன் கட்டிய கல்லணையும், இராசராசன் எடுத்த பெருங்கோயிலும் இம்மலர்களில் பன்முறை இடம்பெற்றுள்ளன. அவை எழுதத்தக்கனவே. ஆயினும், நம் முன்னோர் பிறந்த நாட்டைப் பற்றி இத்துணை அறிந்த நாம், இன்று குடியிருக்கும் நாட்டைப் பற்றி எவ்வளவு அறிவோம் என்னும் வினா இவ்வாண்டு எம் உள்ளத்தில் எழுந்தது. அவ்வினாவை எழுப்பிய நிகழ்ச்சி மிகச் சிறியது.

அலுவலகத்தில் பணியாளர் விவரங்களைப் புதிய படிவத்தில் நிரப்பும் வேலை எம்மிடம் வந்திருந்தது. தண்டவாளப் பராமரிப்பில் பல்லாண்டு உழைத்த முதியவர் ஒருவர் எம் மேசைமுன் வந்து அமர்ந்தார். அவர் உராவோன் குடியினர். பெயர், தந்தை பெயர், ஊர், பிறந்த நாள் எல்லாம் எழுதி முடித்து, மதம் என்னும் இடத்துக்கு வந்தோம். "சர்னா என்று எழுதுங்கள், பாபு" என்றார். படிவத்தில் ஆறு மதங்களின் பெயர்களே அச்சாகியிருந்தன. ஏழாவதாக 'மற்றவை' என்று ஒரு கட்டம் இருந்தது. யாம் அதில் குறியிட்டோம். அவர் சற்று நேரம் அக்குறியைப் பார்த்தார். பிறகு, "இந்த மண்ணில் மற்றவர் நாங்களா, பாபு?" என்று கேட்டார். அவர் குரலில் சினம் இல்லை. யாம் விடை சொல்லவில்லை, அடுத்தவரை அழைத்தோம்.

சொல்லாமல் விட்ட அவ்விடையைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை. கட்சி பேசுவது நம் சங்கத்தின் வழக்கமன்று. ஈண்டும் யாம் கட்சி பேசப் போவதில்லை. நம் வீட்டுத் திண்ணைக்கு வெளியே நடந்த வரலாற்றையே பேசப் போகின்றோம்.

உலகெங்கும் ஒரு வினா

மக்களாட்சி என்பது தலைகளை எண்ணி நடத்தும் ஆட்சி. ஆண்டானுக்கும் ஒரு வாக்கு, அடிமையாய் இருந்தவனுக்கும் ஒரு வாக்கு என்பது அதன் சிறப்பு. ஆனால், ஒரு நாட்டிற் காடு திருத்திக் கழனியாக்கி முதலிற் குடியிருந்த மக்கள், பின்வந்தோரின் பெருக்கத்தால் தம் நிலத்திலேயே சிறுபான்மையோர் ஆகிவிட்டால், எண்ணி நடத்தும் ஆட்சியில் அவர்தம் நிலை யாது? வாக்குரிமை அவர்க்கும் உண்டு. எண்ணிக்கையில் அவர் என்றும் தோற்பர். இந்த இடர்ப்பாட்டிலிருந்தே உலகின் பல நாடுகளில் முதற்குடிகளின் அரசியல் இயக்கங்கள் தோன்றின.

நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கு 1867-ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றத்தில் நான்கு தனி இடங்கள் அளிக்கப்பெற்றன. இன்று அவை ஏழு. இடங்கள் இருந்தும் நிலம் பற்றிய குறை தீரவில்லை. கடற்கரையும் கடலடி நிலமும் யாருக்குரியவை என்னும் வழக்கு முற்றியபோது, 2004-இல் அவர்கள் தமக்கெனத் தனிக் கட்சி கண்டனர். நார்வேயின் வடகோடியில் ஆல்டா ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்துச் சாமி மக்கள் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளிற் பெரும்போராட்டம் நடத்தினர். அணை கட்டப்பட்டுவிட்டது. ஆயினும் அப்போராட்டத்தின் விளைவாக, 1989-இல் சாமி மக்களுக்கெனத் தனிப் பேரவை ஒன்று தோன்றியது. தென்னமெரிக்காவின் பொலிவியாவில் அய்மாரா குடியைச் சேர்ந்த ஈவோ மொராலெசு 2005 டிசம்பரிற் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 2009-இல் வந்த புதிய அரசியலமைப்பு, அந்நாட்டைப் பல தேசிய இனங்களின் நாடு என்று அறிவித்தது.

இம்மூன்று நாடுகளும் மூன்று திசையில் உள்ளவை. மக்களும் வேறு, மொழியும் வேறு. ஆயினும் அவர்கள் கேட்டவை இரண்டே: தம் நிலம் தமக்குரியது என்னும் உறுதி ஒன்று, தம்மைத் தம் பெயரால் அழைக்கும் மதிப்பு மற்றொன்று. வாக்குச் சீட்டு மட்டும் இவ்விரண்டையும் தந்துவிடாது என்பதற்கு, நாம் வாழும் ஜார்க்கண்டே சான்று.

வில்லேந்திய காலம்

சோட்டாநாகபுரி மேட்டுநிலத்தில் முண்டா, உராவோன், ஹோ, சந்தால், காரியா முதலிய குடிகள் நெடுங்காலமாக வாழ்கின்றனர். காட்டை முதலில் திருத்தியவரின் வழிவந்தோர் அனைவருக்கும் ஊர்நிலம் பொதுவுரிமை என்பது முண்டா மக்களின் பழைய முறை. இதற்குக் 'கூண்ட்கட்டி' என்று பெயர். ஆங்கிலேயர் ஆட்சியில் நிலவரியும், சமீன்தாரும், வட்டிக்குக் கொடுப்போரும், நீதிமன்றத் தாள்களும் ஒருங்கே வந்தன. எழுத்தறியாத குடிமகன் கைநாட்டு வைத்த தாள் ஒன்று, அவன் பாட்டன் திருத்திய வயலை அயலானுக்கு உரிமையாக்கியது. அவ்வாறு வந்து பறித்த அயலாரை அவர்கள் 'திக்கு' என்றனர். இச்சொல்லை நினைவிற் கொள்க. பின்னர் இதனிடம் மீண்டும் வருவோம்.

1831-32-இல் கோல் கிளர்ச்சி எழுந்தது. 1855-இல் சித்து, கான்ஹு என்னும் உடன்பிறந்தார் தலைமையிற் சந்தால் மக்கள் எழுந்தனர். இறுதியாக 1899-1900-இல் பிர்சா முண்டாவின் 'உல்குலான்' என்னும் பெருங்கிளர்ச்சி நிகழ்ந்தது. பிர்சா 1875 நவம்பர் 15-ஆம் நாள் பிறந்தவர். 1900 ஜூன் 9-ஆம் நாள் இராஞ்சிச் சிறையில் இறந்தார். இருபத்தைந்து அகவைகூட நிரம்பவில்லை. வில்லும் அம்பும் துப்பாக்கியை வெல்லவில்லை. எனினும் அக்கிளர்ச்சியின் அதிர்ச்சியால் 1908-இல் சோட்டாநாகபுரிக் குத்தகைச் சட்டம் வந்தது. பழங்குடியினர் நிலம் பிறர் கைக்குச் செல்வதை அது பெரிதும் தடுத்தது. இம்மக்களின் அரசியல் முழுமைக்கும் அச்சட்டமே இன்றளவும் அடித்தளமாக உள்ளது.

இடையில் நம் கதையும் தொடங்கியது. வங்காள-நாகபுரி இரயில்வேயின் பாதை 1891-இல் சிங்பூம் காடுகளின் ஊடே ஆசன்சோல்வரை சென்றது. சாரண்டா காட்டின் சால் மரங்கள் சிலீப்பர் கட்டைகளாயின. 1907-இல் டாட்டா இரும்பாலை நிறுவனம் தோன்றியது. காலிமாட்டி என்னும் சிற்றூர் நிலையம் 1919-இல் டாட்டாநகர் ஆயிற்று. பாதை வந்தது, ஆலை வந்தது, சுரங்கம் வந்தது. அவற்றோடு எழுதப் படிக்கத் தெரிந்த நம்மனோரும் வந்தோம். நாம் யாருடைய வயலையும் பறித்து வந்தோமல்லோம். வேலை தேடி வந்தோம். ஆயினும் நம் குடியிருப்பு நிற்கும் நிலம், நாம் வருமுன் வெற்றிடமாக இருக்கவில்லை. சால் மரத் தோப்பே இம்மக்களின் வழிபாட்டிடம். அதன் பெயரே 'சர்னா'. தோப்பைத் தெய்வமாகக் கொண்டவர் பார்த்திருக்க, அம்மரமே வெட்டுண்டு பாதையின் அடியிற் கிடந்தது.

விண்ணப்பமும் வாக்குச் சீட்டும்

இருபதாம் நூற்றாண்டில் வில் இருந்த கையில் விண்ணப்பம் வந்தது. பள்ளியிற் படித்த முதல் தலைமுறையினர் சோட்டாநாகபுரி உன்னதி சமாசம் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். சைமன் குழு வந்தபோது இப்பகுதிக்குத் தனி ஆட்சி வேண்டுமென்று அவ்வமைப்பினர் விண்ணப்பித்தனர். 1938-இல் ஆதிவாசி மகாசபை தோன்றியது. அடுத்த ஆண்டு அதன் தலைமையை ஜெய்பால் சிங் ஏற்றார்.

ஜெய்பால் சிங்கின் வாழ்க்கை வியப்புக்குரியது. முண்டா குடியில், சிற்றூரிற் பிறந்தவர், ஆக்ஸ்போர்டிற் பயின்றவர், இந்தியா தன் முதல் வளைகோற் பந்தாட்டத் தங்கத்தை வென்ற 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் நம் அணியின் தலைவர். பெரும்பதவிகள் அவரை அழைத்தன. அவரோ தம் மக்களிடம் திரும்பினார். 1946 டிசம்பர் 19-ஆம் நாள் அரசியலமைப்பு அவையிற் பேசியபோது, பிறர் இழிவாகச் சொல்லும் 'காட்டான்' என்னும் பெயரைத் தமக்குரியதாகப் பெருமையோடு ஏற்றுக்கொண்டார். பழங்குடியினருக்கு மக்களாட்சியைக் கற்பிக்க வேண்டியதில்லை, அவர்களிடமிருந்தே பிறர் அதைக் கற்க வேண்டும் என்று கூறினார். தம் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் துன்புற்றதை நினைவூட்டினார். ஆயினும் புதிய இந்தியா அனைவருக்கும் சமவாய்ப்புத் தரும் என்னும் உறுதிமொழியைத் தாம் நம்புவதாகவும் சொன்னார். 'ஆதிவாசி' என்னும் சொல்லையே அரசியலமைப்பில் வழங்க வேண்டுமென்று அவர் விரும்பினார். அவர் விருப்பம் நிறைவேறவில்லை. 'அட்டவணைப் பழங்குடிகள்' என்னும் பெயரே நின்றது. முதலில் வந்தவர் என்னும் பொருளுடைய பெயர் மறுக்கப்பெற்று, ஓர் அட்டவணையில் எழுதப்பட்டவர் என்னும் பெயரே கிடைத்தது.

நாடு விடுதலை பெற்று ஆறு திங்கள் ஆகுமுன் நிகழ்ந்த துயரம் ஒன்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும். நம்முட் பலர் ராஜ்கர்சவான் நிலையத்தை அடிக்கடி கடந்து செல்கின்றோம். வண்டி நிற்கும்போது இறங்கித் தேநீரும் பருகியிருக்கின்றோம். அந்நிலையத்தின் பெயரில் உள்ள கர்சவான் அந்நாளில் ஒரு சிற்றரசு. கர்சவானையும் சராய்கேலாவையும் ஒரிசாவோடு இணைத்தபோது, அதனை ஏற்காத ஆதிவாசி மக்கள் 1948 சனவரி 1-ஆம் நாள் கர்சவான் சந்தைத் திடலில் பெருந்திரளாகக் கூடினர். காவற்படை சுட்டது. அரசுக் கணக்கு முப்பத்தைந்து பேர் என்றது. உண்மைத்தொகை அதனினும் பன்மடங்கு என்பது மக்கள் கூற்று. அதே ஆண்டு மே திங்களில் அவ்விரு பகுதிகளும் பீகாருக்கு மாற்றப்பட்டன. உலகம் புத்தாண்டு கொண்டாடும் நாளில், இன்றும் அம்மக்கள் அத்திடலிற் கூடி இறந்தோரை நினைந்து வணங்குகின்றனர்.

இத்துணைக்குப் பின்னும் அவர்கள் மக்களாட்சியைக் கைவிடவில்லை என்பதே நம் கருத்திற் பதிய வேண்டுவது. 1950-இல் ஆதிவாசி மகாசபை ஜார்க்கண்டு கட்சியாக மாறியது; ஆதிவாசி அல்லாதாருக்கும் அதன் கதவு திறந்தது. 1952-இல் நடந்த முதற் பொதுத் தேர்தலிற் பீகார் சட்டமன்றத்தில் 32 இடங்களை வென்று, அது முதன்மை எதிர்க்கட்சியாயிற்று. ஐம்பதாண்டுக்கு முன் வில்லேந்திய மக்கள் வரிசையில் நின்று வாக்களித்துப் பெற்ற வெற்றி அது.

1955-இல் மாநிலச் சீரமைப்புக் குழு தன் அறிக்கையைத் தந்தது. ஜார்க்கண்டு கோரிக்கையை அது ஏற்கவில்லை. பழங்குடியினர் அப்பகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. அவர்களுக்குள்ளும் மொழிகள் பல. அனைவரையும் இணைக்கும் பொதுமொழி இல்லை. சுரங்கமும் ஆலையும் பிரிந்தால் எஞ்சிய பீகாரின் பொருள்நிலை தளரும். இவையே காரணங்கள். எண்ணிக்கையில் ஏன் குறைந்தனர் என்பது கணக்கில் வரவில்லை. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் வெளியார் வந்து பெருகினர். நிலமிழந்த ஆதிவாசிகள் அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றனர். குறைவும் பெருக்கமும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள்.

அடுத்த ஆண்டு, 1956 நவம்பர் 1-ஆம் நாள், மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தெலுங்கர்க்கும் கன்னடர்க்கும் மலையாளிகட்கும் நமக்கும் எல்லை வகுத்த அந்நாள், பல மொழி பேசும் இம்மக்களுக்கு எதையும் தரவில்லை. எல்லை பெற்ற நமக்கும் பெயர் கிடைக்கவில்லை என்பதை மறத்தல் ஆகாது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டுமெனச் சங்கரலிங்கனார் 1956-இல் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார். அப்பெயர் 1969-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஒரு பெயருக்காக உயிரைக் கொடுத்தவரைத் தியாகி என்று போற்றும் நாம், 'சர்னா' என்று எழுதுங்கள் எனக் கேட்ட முதியவரின் உள்ளத்தை அறிய இயலாதவர் அல்லோம்.

மாநிலம் பிறந்தது

1963-இல் ஜார்க்கண்டு கட்சி காங்கிரசோடு இணைந்தது, இயக்கம் தளர்ந்தது. பத்தாண்டுக்குப் பின் அது வேறு வடிவிற் கிளைத்தது. 1970-களின் தொடக்கத்தில் சிபு சோரன், வினோத் பிகாரி மகதோ முதலியோர் ஜார்க்கண்டு முக்தி மோர்ச்சாவைத் தோற்றுவித்தனர். சிபு சோரன் சந்தால் குடியினர். அவர் தந்தை வட்டிக்காரர்களை எதிர்த்ததற்காக 1957-இற் கொல்லப்பட்டவர். வட்டிக்காரர் கைப்பற்றிய வயல்களில் விளைந்த நெல்லை, வில்லேந்திய காவலோடு மக்களே அறுத்துச் சென்ற அறுவடைப் போராட்டம் அவரைத் தலைவராக்கியது. மகதோ, ஆதிவாசிப் பட்டியலில் இல்லாத குர்மி குடியினர்; வழக்கறிஞர். இவர்களுக்குத் துணைநின்ற ஏ. கே. ராய், கிழக்கு வங்காளத்திற் பிறந்து சிந்த்ரி உர ஆலைக்கு வந்த வேதியியற் பொறியாளர். சுரங்கத் தொழிலாளரின் தலைவர். பழங்குடி, உழவர், தொழிலாளர் என மூவகையினரும் ஒன்றுபட்டதால், 'ஜார்க்கண்டி' என்னும் சொல் பிறப்பைக் குறிப்பதினின்றும் நீங்கி உழைப்பையும் வாழ்விடத்தையும் குறிக்கலாயிற்று.

1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் முழு அடைப்பும் இரயில் மறியலும் மிகுந்தன. யாம் அப்போது பள்ளிச் சிறுவர். வண்டிகள் நின்றுவிடும், ஊரிலிருந்து புறப்பட்ட உறவினர் எங்கேயோ ஒரு சிறு நிலையத்தில் இரவு முழுவதும் காத்திருப்பர். நம் காலனிப் பெரியோர் வாயிலில் நின்று தாழ்ந்த குரலிற் பேசிக்கொள்வர். "தனி மாநிலம் வந்தால் நம்மை எல்லாம் போகச் சொல்லிவிடுவார்களோ?" என்பதே அவர்தம் அச்சம். பெட்டியைக் கட்டி வைக்காத குறைதான்.

1995-இல் தன்னாட்சிக் குழு ஒன்று அமைந்தது. 2000-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள், பிர்சாவின் பிறந்த நாளில், பீகாரின் 18 மாவட்டங்களைக் கொண்டு ஜார்க்கண்டு மாநிலம் பிறந்தது. அன்றிரவு மாதல் முழவின் ஒலி நம் குடியிருப்புவரை கேட்டது. நம்மை யாரும் போகச் சொல்லவில்லை. மறுநாள் பால்காரரும் வந்தார், பள்ளியும் திறந்தது. நம் பெரியோரின் அச்சம் வீணாயிற்று. அம்முழவை அடித்தவரின் நம்பிக்கையேனும் நிறைவேறியதா?

மாநிலம் பிறந்து மூன்று திங்கள் முடியவில்லை. கோயல், காரோ ஆறுகளில் அணை கட்டும் திட்டத்தைப் பல ஆண்டுகளாக எதிர்த்து வந்த ஆதிவாசி மக்கள்மீது, 2001 பிப்ரவரி 2-ஆம் நாள் தப்கராவிற் காவற்படை சுட்டது. எட்டுப் பேர் இறந்தனர். கர்சவானில் சுட்டது அயல் மாநிலத்தின் படை. தப்கராவில் சுட்டதோ தாமே போராடிப் பெற்ற மாநிலத்தின் படை. அத்திட்டம் பின்னர்க் கைவிடப்பட்டது. பழங்குடிப் பகுதிகளின் ஊரவைகளுக்கு அதிகாரம் தரும் பெசா சட்டத்தை நாடாளுமன்றம் 1996-இலேயே இயற்றியிருந்தது. மாநிலம் பிறந்து இருபதாண்டு கடந்தும் அதற்கான விதிகள் இங்கு எழுதப்படாமலே கிடந்தன. எல்லைக்கோடு மாறுவதால் மட்டும் நிலத்தின் மீதுள்ள உரிமை உறுதிப்படுவதில்லை என்பதை இம்மக்கள் இவ்வாறு அறிந்தனர்.

2016-இல் மீண்டும் ஒரு சோதனை வந்தது. 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, ஆதிவாசிகளின் வேளாண் நிலத்தைப் பிற பயன்களுக்கு மாற்ற இடந்தரும் முன்வரைவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. மாநிலம் எங்கும் எதிர்ப்பு எழுந்தது. அப்போது ஆளுநராக இருந்தவர் திரௌபதி முர்மு. சந்தால் குடியிற் பிறந்தவர். 2022-இற் குடியரசுத் தலைவர் ஆனவர். அவர் 2017 மே திங்களில் அம்முன்வரைவைத் திருப்பி அனுப்பினார். அவ்வாண்டே அரசு அதனை விலக்கிக் கொண்டது. அதே காலத்திற் கூண்டி வட்டாரத்து ஊர்களில், முன்னோர் நினைவாகக் கல் நடும் பழைய வழக்கத்தைப் பின்பற்றி, அரசியலமைப்பு தமக்கு அளித்த உரிமைகளைக் கல்லிற் பொறித்து ஊரெல்லையில் நட்டனர். அதற்காகப் பலர்மீது வழக்குகள் பாய்ந்தன. 2019 டிசம்பரிற் பதவியேற்ற புதிய அரசு அவ்வழக்குகளைக் கைவிட முடிவு செய்தது.

அத்தேர்தலிற் சட்டத்தைத் திருத்த முயன்ற ஆளுங்கட்சிக்கு, ஆதிவாசிகளுக்கான 28 தனித்தொகுதிகளில் இரண்டே கிடைத்தன. எக்கட்சி வென்றது, எது தோற்றது என்பது நமக்குப் பொருளன்று. மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்கினராகிய ஆதிவாசிகள், எண்ணிக்கை ஒன்றையே நம்பாமல், சட்டம், ஊரவை, கல்வெட்டு, வாக்கு ஆகிய நான்கையும் இணைத்துத் தம் நிலத்தைக் காத்தனர் என்பதே பொருள்.

கட்டத்தில் அடங்காத பெயர்

நிலம் ஒருவாறு காக்கப்பட்டது. பெயர்? 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிற் சர்னாவுக்கெனத் தனி இடம் இல்லை. 'பிற' என்பதன்கீழ்த் தாமாகவே அப்பெயரைச் சொல்லி எழுதச் செய்தவர் ஏறத்தாழ 49 லட்சம் பேர். தனி இடம் பெற்றிருந்த சமணரின் தொகை அக்கணக்கெடுப்பில் 44 லட்சத்துக்குச் சற்று மேல். எழுத்தர் வேலை பார்க்கும் நமக்கு இக்கணக்கின் பொருள் எளிதில் விளங்கும். தனி இடம் உடையவரினும் இல்லாதவர் மிகுதி! 2020 நவம்பர் 11-ஆம் நாள், சர்னா ஆதிவாசி சமயத்துக்குத் தனிக் குறியீடு வேண்டுமென ஜார்க்கண்டு சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. கட்சி வேறுபாடின்றி அனைவரும் இசைந்தனர்.

எம் மேசைமுன் அமர்ந்த முதியவர் புதிதாக ஒன்றையும் கேட்டுவிடவில்லை என்பது இவற்றைப் படித்தபின்னரே எமக்கு விளங்கியது. ஜெய்பால் சிங் அரசியலமைப்பு அவையிற் கேட்டதை, 49 லட்சம் பேர் கணக்கெடுப்பாளரிடம் சொன்னதை, அவர் ஓர் எழுத்தரிடம் சொன்னார். படிவத்தை மாற்றும் அதிகாரம் எழுத்தருக்கு இல்லை. ஆனால் 'மற்றவை' என்னும் கட்டத்தின் அருகே, சர்னா என்று எழுதும் அளவுக்கு இடம் இருந்தது. அன்று எம் கண்ணுக்கு அவ்விடம் தோன்றவில்லை. இப்போது அவ்வாறே எழுதி வருகின்றோம். அவருடைய தாளையும் தேடியெடுத்து எழுதிவிட்டோம்.

நாம் யார்?

இனி, நினைவிற் கொள்ளச் சொன்ன சொல்லுக்கு வருவோம். நாம் 'திக்கு'களா? வெளியிலிருந்து வந்தவர் என்பதே அதன் பொருளாயின், ஆம். வந்து பறிப்பவர் என்பது பொருளாயின், அது நம் நடத்தையைப் பொறுத்தது. ஏ. கே. ராயும் வெளியார், மக்கள் அவரைத் தன்பாத்திலிருந்து மும்முறை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். தமிழரும் ஒருவர் உண்டு. திருச்சிராப்பள்ளி மாவட்டத்து விரகாலூரில் 1937-இற் பிறந்த இயேசு சபைத் துறவி ஸ்டான் சாமி, 1991 முதல் இம்மாநில மண்ணில் வாழ்ந்தார். நிலவுரிமைச் சட்டங்களை மக்களுக்கு விளக்கினார். விசாரணைக் கைதிகளாகவே ஆண்டுக்கணக்கிற் சிறையில் வாடிய ஆதிவாசி இளைஞருக்காக நீதிமன்றத்தை நாடினார். 2020 அக்டோபரில் பீமா கோரேகான் வழக்கில் கைதானார். சுமத்தப்பட்ட குற்றங்களை மறுத்தார். விசாரணை தொடங்குமுன்னரே, 2021 ஜூலை 5-ஆம் நாள், காவலில் இருந்தவாறே மும்பை மருத்துவமனையிற் காலமானார். அவ்வழக்கைப் பற்றித் தீர்ப்புரைக்க யாம் யார்? ஆயினும் முப்பதாண்டு இம்மக்களிடை வாழ்ந்த அவரை அவர்கள் திக்கு என்று அழைக்கவில்லை. தம்மவர் என்றே அழுதனர். அதனை மறைப்பது வரலாறு எழுதுவார்க்கு அழகன்று.

இறுதியாக ஒன்று. அம்முதியவரோடு பின்னர்ப் பலநாள் தேநீர் வேளையிற் பேசும் பேறு வாய்த்தது. அவர் தாய்மொழி குடுக். அது திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழுக்குத் தொலைவு உறவு. மூன்று என்பதை அவர் 'மூந்த்' என்றார். கண்ணை, தொண்டையில் உராயும் ககரத்தோடு, 'கன்' என்றார். கேட்பவரை விலக்கித் தம்மவரை மட்டும் குறிக்க அம்மொழியில் 'ஏம்'. கேட்பவரையும் சேர்த்துக்கொள்ள 'நாம்'. நம் பழந்தமிழின் யாம், நாம் என்னும் வேறுபாடு அதுவே. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பிரிந்த இரு மொழிகளில் அச்சொல் ஏறக்குறைய மாறாமல் நிற்கின்றது! பிர்சாவின் பெயரால் வழங்கும் முழக்கத்தில் 'நம் நாட்டில் நம் ஆட்சி' என்னும் பொருளில் வரும் 'அபுவா' என்னும் முண்டாரிச் சொல்லும், கேட்பவரையும் உள்ளடக்கிய 'நம்' என்பதே. அவர் தம் மக்களிடம் பேசினார். ஆதலின் அச்சொல் வந்தது இயல்பே. அந்த 'நம்' என்பதற்குள் நமக்கும் இடம் உண்டா என்பது, நாம் அவர்களை 'மற்றவர்' என்று எழுதுகின்றோமா, பெயர் சொல்லி எழுதுகின்றோமா என்பதைப் பொறுத்தது.

ஆகவே சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழாவில் இவ்வூர் ஆதிவாசிப் பெரியோர் ஒருவரை அழைத்து, அவர்தம் மொழியில் அவர்தம் வரலாற்றைச் சொல்லக் கேட்போம். பொங்கலைக் கொண்டாடும் நம் பிள்ளைகள், சால் பூக்கும் காலத்துச் சர்குல் விழாவையும் அதன் பொருளையும் அறியட்டும். கர்சவான் வழியே செல்லும்போது, தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு ஒரு நொடி அத்திசை நோக்கி நிற்போம். நமக்குச் சோறிடும் மண்ணின் முதற்குடிகளுக்கு நாம் செலுத்தும் மிகச் சிறிய வாடகை அது.

வாழ்க தமிழ்! வாழ்க இம்மண்ணின் முதற்குடிகள்!